லண்டன் லிபர்ட்டி கடை: போர்க்கப்பல் மரத்தில் எழுந்த கட்டடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து இரண்டு திருப்பம் நடந்தால் கிரேட் மார்ல்பரோ தெரு வரும். அங்கே சுற்றிலும் கல்லும் கண்ணாடியும் நிற்க, நடுவில் மரச் சட்டங்களும் வெள்ளைச் சாந்தும் கூரான கூரைகளுமாக ஒரு பெரிய கடை நிற்கிறது. அதுதான் லிபர்ட்டி. துணிக்கும் அச்சுப் பூ வேலைப்பாட்டுக்கும் உலகப் புகழ் பெற்ற கடை. அதன் கட்டடத்தைப் பற்றிப் பயணிகளும் கட்டடக்கலை மாணவர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

இது டியூடர் காலத்துக் கட்டடமா?

இல்லை. டியூடர் அரசர்கள் இங்கிலாந்தை ஆண்டது 1485 முதல் 1603 வரை. லிபர்ட்டியின் மரக் கட்டடம் முடிந்த ஆண்டு 1924. எட்டாம் ஹென்றி அரசர் இந்த வாசலில் குதிரையிலிருந்து இறங்கியிருப்பார் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களை அங்கே எந்த நாளும் பார்க்கலாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முக்கோண முகப்புகள், ஈயப் பட்டைகளால் கோத்த சிறு கண்ணாடிச் சன்னல்கள், கையால் செய்த ஓடுகள், முறுக்கி எழுப்பிய செங்கல் புகைபோக்கிகள் என்று எல்லாமே 16ஆம் நூற்றாண்டு போலத் தோன்றும்படிதான் அமைக்கப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் போலிக் கட்டடம்தானே?

இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிட்டு நகர்பவர்கள் நிறையப் பேர். நான் அதை ஏற்பதில்லை.

போலி டியூடர் எப்படி இருக்கும் என்பதைக் காண லண்டனின் புறநகர்களுக்குப் போக வேண்டும். 1920களிலும் 1930களிலும் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. சாதாரணச் செங்கல் சுவர், அதன் மேல் பூச்சு, பூச்சின் மேல் ஆணி அடித்துப் பொருத்திய மெல்லிய பலகைகள். பலகையைக் கழற்றி எடுத்துவிட்டாலும் வீடு அப்படியே நிற்கும், ஏனென்றால் அந்த மரம் எதையும் தாங்கவில்லை.

லிபர்ட்டியில் நிலைமை வேறு. கனமான ஓக் மரத்தைத் தச்சர்கள் துளையும் கழுந்துமாக (ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய நாக்கை மற்றொன்றின் துளைக்குள் செருகி) இணைத்து, மர ஆணி அடித்துச் சட்டம் கட்டினார்கள். மரத்தின் முகம் வாச்சியால் செதுக்கியதுபோல மேடுபள்ளமாக இருக்கிறது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். வடிவம் கடன் வாங்கியது என்பதை யாரும் மறைக்கவில்லை. வேலை கடன் வாங்கியதல்ல. ஒரு கட்டடத்தை மதிப்பிடும்போது அது எந்தக் காலத்து உடையை அணிந்திருக்கிறது என்பதைவிட, எப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் லிபர்ட்டி நேர்மையான கட்டடம்.

கப்பல் மரத்தில் கட்டியது என்கிறார்களே, அது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. ஆனால் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பழைய மர வீடு எதற்குள் நுழைந்தாலும், விடுதியானாலும் பண்ணை வீடானாலும், 'இந்த உத்தரமெல்லாம் கப்பலிலிருந்து வந்தது' என்று யாராவது சொல்வார்கள். கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் ஊர்களில்கூட இந்தக் கதை உலவுகிறது. பெரும்பாலும் அது தவறு.

கதை பிறந்த விதம் எளிது. பழைய உத்தரங்களில் எதற்கும் பயன்படாத துளைகளும் வெட்டுகளும் இருக்கும். அதைப் பார்க்கிறவர்கள் இது ஏதோ கப்பலில் இருந்த மரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது இடித்த வேறொரு வீட்டின் மரமாகவோ, இடையில் எடுக்கப்பட்ட ஒரு தடுப்புச் சுவரின் அடையாளமாகவோ இருக்கும். நல்ல ஓக் மரத்தை யாரும் வீணாக்க மாட்டார்கள் அல்லவா? மேலும் கப்பலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் வளைந்தவை. இரும்புத் தாழ்களும் ஆணிகளும் நிறைந்தவை. வீட்டுத் தச்சனுக்கு அவை தொல்லை. பக்கத்துக் காட்டில் வெட்டிய பச்சை மரம் அவனுக்கு எவ்வளவோ சுலபம்.

ஆனால் லிபர்ட்டி விதிவிலக்கு. உடைப்பதற்காக விற்கப்பட்ட இரண்டு போர்க்கப்பல்களின் மரத்தைக் கடை வாங்கியது. சட்டங்களும் உத்தரங்களும் கட்டடத்தின் உடலாயின. கப்பலின் மேல்தளப் பலகைகள் கடையின் தரையாயின.

அவை எந்தக் கப்பல்கள்?

எச்.எம்.எஸ். இம்ப்ரெக்னபிள், எச்.எம்.எஸ். ஹிந்துஸ்தான். இரண்டும் பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்கள். இரண்டும் 1921இல் உடைப்புக்கு விற்கப்பட்டன.

இம்ப்ரெக்னபிளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் முதல் பெயர் ஹோவ். வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக் கப்பல் கட்டும் தளத்தில் 1860 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டது. மூன்று அடுக்கு, 121 பீரங்கி. மரத்தில் கட்டிய போர்க்கப்பல் எட்டக்கூடிய உச்சம் என்றே சொல்லலாம். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் லண்டனில் தேம்ஸ் நதியில் எச்.எம்.எஸ். வாரியர் என்ற இரும்புக் கவசக் கப்பல் இறக்கப்பட்டது. அத்துடன் உலகின் மரப் போர்க்கப்பல்கள் அனைத்தும் பழையனவாகிவிட்டன. ஹோவ் போருக்குப் போகவே இல்லை. 1880களில் பெயர் மாற்றப்பட்டு, டெவன்போர்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டபடி, மாலுமியாகப் போகும் சிறுவர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக இருந்தது. போரில் அடிபடாத, தரம் குறையாத மரம் அத்தனையும் கடைசியில் ஒரு துணிக்கடைக்கு வந்து சேர்ந்தது. இம்ப்ரெக்னபிளுக்கு நியூ ஃபாரஸ்ட் காட்டின் நூறாண்டு வளர்ந்த 3,040 ஓக் மரங்கள் தேவைப்பட்டதாகக் கடையின் வரலாறு சொல்கிறது.

ஹிந்துஸ்தான் 1841இல் இறங்கிய 80 பீரங்கிக் கப்பல். டார்ட்மவுத் துறையில் பிரிட்டானியா என்ற பயிற்சிக் கப்பலுக்கு அருகில் நிறுத்தி, இரண்டுக்கும் இடையே நடைபாலம் போட்டு, கடற்படை அதிகாரிகளாக வரப்போகும் இளைஞர்களை அவற்றில் தங்க வைத்தார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரும் 1877 முதல் அங்கே பயின்றவர். கிரேட் மார்ல்பரோ தெரு முகப்பின் நீளம் ஹிந்துஸ்தானின் நீளத்துக்குச் சமம் என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எதிர்ச் சாரியில் நின்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை ஓட்டினால் அந்தக் கப்பல் எவ்வளவு பெரியது என்பது புரிகிறது.

பழைய கப்பல் மரத்தில் தச்சு வேலை செய்வது எளிதா?

எளிதல்ல. இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் பழைய தச்சர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

அவர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே வெட்டி வேலை செய்தார்கள். பச்சை ஓக் உளிக்கு வளைந்து கொடுக்கும். கனமான ஓக் மரம் உலர, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. பத்து அங்குல உத்தரம் முழுக்கக் காயும்வரை எந்த வீட்டுக்காரரும் காத்திருக்க மாட்டார். ஆகவே பச்சையாகவே சட்டம் கோத்துவிடுவார்கள். கழுந்தைத் துளைக்குள் செருகி, இரண்டையும் ஊடுருவிக் காய்ந்த ஓக் ஆணியை அடிப்பார்கள்.

இங்கே ஒரு நுட்பம். துளைப்பக்கத்தின் ஆணிக்கண்ணும் கழுந்தின் ஆணிக்கண்ணும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. கழுந்தில் இருக்கும் கண்ணை வேண்டுமென்றே நூலளவு உள்தள்ளிப் போடுவார்கள். ஆணி இறங்கும்போது லேசாக வளைந்து, கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். பிறகு மரம் காயக் காயச் சுருங்கி இணைப்பு இன்னும் இறுகும். பழைய வீடுகள் முறுக்கிக்கொண்டும் சாய்ந்தும் நிற்பதற்கும் இந்தக் காய்தல்தான் காரணம்.

கப்பல் மரம் இதற்கு நேர்மாறு. பல பத்தாண்டுகள் காய்ந்து வைரம் ஏறிய மரம். உளி எளிதில் இறங்காது. உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புத் துண்டு ரம்பத்தின் பல்லை உடைத்துவிடும். ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து அதிகம். அது இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை படியும். இத்தனை தொல்லைக்கும் கிடைத்த பரிசு, இனிமேல் சுருங்காத மரம். அதனால்தான் லிபர்ட்டியின் கோடுகள் நூல் பிடித்ததுபோல நேராக நிற்கின்றன. உண்மையான டியூடர் வீட்டையும் இதையும் வேறுபடுத்தும் முதல் அடையாளமும் அதுவே: எதுவும் சாயவில்லை.

கட்டியவர்கள் யார்?

வடிவமைத்தவர்கள் எட்வின் தாமஸ் ஹாலும் அவருடைய மகன் எட்வின் ஸ்டான்லி ஹாலும். தந்தை மான்செஸ்டர் ராயல் மருத்துவமனைக் கட்டடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். வேலை முடியுமுன்பே 1923இல் காலமானார். கட்டுமான ஒப்பந்தம் ஹிக்ஸ் அண்ட் ஹில் நிறுவனத்துக்குப் போனது.

லிபர்ட்டி என்பது விடுதலையைக் குறிக்கும் பெயரா?

இல்லை, அது குடும்பப் பெயர். கடையை நிறுவியவர் ஆர்தர் லேசன்பி லிபர்ட்டி. 1843இல் செஷம் என்ற சிற்றூரில் துணி வணிகருக்கு மகனாகப் பிறந்தவர். ரீஜன்ட் தெருவில் சால்வை விற்கும் ஒரு பெரிய கடையில் 1862இல் வேலைக்குச் சேர்ந்து, அங்கே கீழை நாட்டுப் பொருள்களின் பிரிவை வளர்த்தார். பங்குதாரராக்க முதலாளிகள் மறுத்தபோது, வருங்கால மாமனாரிடம் 2,000 பவுண்ட் கடன் வாங்கி, 1875இல் அதே தெருவில் 218ஏ எண் கொண்ட இடத்தில் சொந்தக் கடை திறந்தார். 1917இல் இறந்தார். மரக் கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

இந்தியாவுக்கும் இந்தக் கடைக்கும் உள்ள தொடர்பு என்ன?

ஒரு கப்பலின் பெயர் ஹிந்துஸ்தான் என்பது மேலோட்டமான தொடர்பு. ஆழமான தொடர்பு வியாபாரத்தில் இருக்கிறது. லிபர்ட்டி தம் கடைக்கு வைத்த பெயரே ஈஸ்ட் இந்தியா ஹவுஸ். ஜப்பானியக் கலைப்பொருள்களோடு இந்தியப் பட்டும் சேர்ந்துதான் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. இந்தியாவிலிருந்து வெறும் பட்டைத் தருவித்து, லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் என்பவரிடம் சாயமேற்றியும் அச்சடித்தும் விற்றார்கள். 'மைசூர் பட்டு' என்ற பெயரிலும் துணி விற்பனையாயிற்று.

சொல்லாமல் விடக் கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. 1885இல் லண்டனின் பேட்டர்சீ பகுதியில் 'இந்தியக் கிராமம்' என்ற பெயரில் ஒரு காட்சி நடந்தது. இந்தியாவிலிருந்து கைவினைஞர்களைக் கப்பலில் வரவழைத்து, அவர்கள் வேலை செய்வதை மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும்படி அமர்த்தினார்கள். அதன் பின்னால் இருந்தது லிபர்ட்டி. வந்தவர்கள் ஆங்கிலேயக் குளிரில் மிகவும் துன்பப்பட்டார்கள். முயற்சி தோல்வியில் முடிந்தது. கட்டடத்தின் அழகை ரசிக்கும்போது அதை எழுப்பிய செல்வம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதையும் அறிந்து ரசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பக்கத்தில் ரீஜன்ட் தெருவில் உள்ள கட்டடம் ஏன் முற்றிலும் வேறாக, வெள்ளைக் கல்லில் இருக்கிறது?

அதுவும் லிபர்ட்டிக்காகக் கட்டியதுதான். அதே கட்டடக் கலைஞர்கள், ஏறக்குறைய அதே ஆண்டுகள். ரீஜன்ட் தெரு நிலம் அரச உடைமை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த அந்தத் தெருவைப் படிப்படியாக இடித்துக் கட்டினார்கள், அந்த வேலை 1920களில் முடிந்தது. புதிய முகப்புகள் எல்லாம் போர்ட்லண்ட் கல்லில், பழைய ரோம கிரேக்கப் பாணியில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே மரமும் முக்கோணக் கூரையும் வைக்க முடியாது. பின்பக்கத்துக் கிரேட் மார்ல்பரோ தெருவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் மனம் விரும்பியதைப் பின்னால் கட்டினார்கள், விதி கேட்டதை முன்னால் கட்டினார்கள்.

முதலில் எழுந்தது மரக் கட்டடம். ரீஜன்ட் தெருக் கடையை இடித்துக் கட்டும்போது வியாபாரம் நிற்காமல் இங்கே நடக்க வேண்டும் என்பது திட்டம். கல் கட்டடத்தின் உச்சியில் ஒரு நீண்ட சிற்பப் பட்டை இருக்கிறது. யானையிலும் ஒட்டகத்திலும் கப்பலிலும் பண்டங்கள் வர, நடுவில் பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா இருக்கிறாள். அதற்கும் மேலே கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து, தெருவை வேடிக்கை பார்க்கும் கல் மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்காதவர்கள் அவர்களைத் தவறவிட்டுவிடுவார்கள்.

உள்ளே ஏன் பெரிய கூடம் இல்லாமல் சிறு சிறு அறைகளாக இருக்கிறது?

கடைக்குள் வருபவர் ஒரு வீட்டுக்குள் உலாவுவதுபோல உணர வேண்டும் என்பது நோக்கம். திட்டத்தின் மையம் மூன்று முற்றங்கள். ஒவ்வொன்றும் கீழ்த்தளத்திலிருந்து கூரை வரை திறந்து நிற்கிறது. மேலே கண்ணாடிக் கூரை. அதைத் தாங்கும் மர வளைவுகளைப் பார்த்தால் பழைய இங்கிலாந்தின் பிரபுக்கள் மாளிகைக் கூடம் நினைவுக்கு வரும். முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மாடியிலும் மரக் கைப்பிடியோடு நடை. நடையிலிருந்து பிரியும் தாழ்வான அறைகள். பல அறைகளில் கணப்பு அடுப்பு இருந்தது. சில இன்றும் இருக்கின்றன.

இதன் பயன் வெறும் அழகு மட்டும் அல்ல. மின்விளக்கு இன்றுபோல் ஒளிராத காலத்தில் துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும். கட்டடத்தின் நடு வயிற்றுக்குள் வெளிச்சத்தை இறக்க முற்றம் வழி செய்தது. முற்றத்தின் கைப்பிடியில் கம்பளங்களையும் துணிகளையும் மேலிருந்து தொங்கவிட்டால் நான்கு மாடிகளிலிருந்தும் தெரியும். ஒரு துணிக்கடைக்கு இதைவிட நல்ல காட்சி மேடை வேறென்ன வேண்டும்?

1924இல் போய் ஏன் டியூடர் பாணியைத் தேர்ந்தெடுத்தார்கள்?

முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாடு இழப்பில் இருந்தது. இயந்திரமும் ஆலையும் தொடாத ஒரு பழைய இங்கிலாந்தின் மேல் மக்களுக்குப் பெரிய ஏக்கம் இருந்தது. புறநகர் வீடுகளில் அந்த ஏக்கம் மலிவாக வெளிப்பட்டது, இங்கே பெரும் செலவில் வெளிப்பட்டது. இரண்டாவது காரணம் கடையின் சரக்கு. கைவேலைப் பொருள்களுக்கே பெயர் பெற்ற கடை, கைவேலையால் ஆன கட்டடத்தில் இருப்பதுதான் பொருத்தம் என்று கருதினார்கள். இந்த இரண்டாவது காரணம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

உண்மையான டியூடர் காலக் கடை எப்படி இருந்தது?

லிபர்ட்டியைப் போல இருக்கவே இல்லை. அந்தக் காலக் கடை மிகச் சிறியது. தெருவைப் பார்த்த ஓர் அறை, சில அடி ஆழம், மேலே குடியிருப்பு. அவ்வளவுதான்.

யார்க் நகரின் குட்ராம்கேட் தெருவில் லேடி ரோ என்ற வரிசை இன்றும் நிற்கிறது. 1316இல் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறை நிலத்து ஓரத்தில் கட்டியது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை என்ற அளவில் நெருக்கமாகச் சேர்ந்த குடியிருப்புகள். அவற்றின் வாடகை தேவாலயத்தில் மரியன்னை பெயரால் நடக்கும் வழிபாட்டுக்குப் போயிற்று. மேல்மாடி முன்துருத்திய வீடுகளில் இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. டியூடர் காலம் தொடங்குவதற்கு 169 ஆண்டுகள் முன்பே எழுந்தது என்பதை நினைத்துக்கொண்டு அதன் முன் நிற்க வேண்டும்.

கடை முகப்பு எப்படி இயங்கியது என்பதை அறிய ஷ்ரூஸ்பரி நகரில் புட்சர் ரோ தெருவில் உள்ள அபட்ஸ் ஹவுஸ் என்ற 15ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைப் பார்க்கலாம். தரைத்தளத்தில் பழைய கடைத் திறப்புகள் அகலமான அடிக்கட்டைகளோடு அப்படியே இருக்கின்றன. கண்ணாடி கிடையாது. திறப்பை மூடுவது மரக் கதவு. இத்தகைய கடைகளில் கதவைக் கீழ்நோக்கித் தெருப்பக்கம் சாய்த்தால் அதுவே சரக்குப் பரப்பும் பலகையாகும். சில இடங்களில் மேல்பாதியை உயர்த்தி வெயில் மறைப்பாக்கினார்கள். வாங்குபவர் உள்ளே நுழைவதில்லை, தெருவில் நின்றே பேரம் பேசினார். இரவில் பலகையைத் தூக்கி மூடித் தாழிட்டால் கடை அடைப்பு. சஃபோக் மாவட்டத்தின் லாவன்ஹாம் ஊரில் வளைவு வேலை செய்த பழைய கடைச் சன்னல்களைக் காணலாம். யார்க்கின் ஷாம்பிள்ஸ் தெருவில் இறைச்சிக் கடைகளின் அகலமான பலகைகளும் இரும்புக் கொக்கிகளும் இன்னும் தெரிகின்றன.

இந்தச் சிறு கடைகளின் மரவேலையை எடுத்து, அரண்மனை அளவுக்குப் பெருக்கி, பல்பொருள் அங்காடியாக்கியது லிபர்ட்டி.

பழைய மரக் கட்டடங்களில் மேல்மாடி தெருவுக்குள் துருத்திக்கொண்டிருப்பது ஏன்?

தரைக்கு மட்டும்தான் வரி, அதனால் மேலே அகலமாகக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதற்கு நல்ல சான்று எதுவும் இல்லை. நெருக்கமான நகரத்தில் மேலே கூடுதல் இடம் கிடைப்பது நேரடிக் காரணம். கீழே பரப்பிய சரக்கு மழையில் நனையாது என்பது கடைக்காரருக்குப் பெரிய லாபம். கட்டுமானக் காரணமும் உண்டு. தரைச் சட்டங்களின் நுனி கீழ்ச் சுவரைத் தாண்டி நீண்டிருக்கும். அந்த நுனியில் மேல்சுவரின் பாரம் ஏறும்போது, அறையின் நடுவில் சட்டம் தொய்வது குறையும். மாடிக்கு மாடி தனித் தூண் வைப்பதால் உயரமான ஒற்றை மரம் தேட வேண்டியதில்லை. தெருமுனை வீடுகளில் இரண்டு பக்கமும் துருத்த வேண்டியிருப்பதால் மூலைக்குக் குறுக்காக ஒரு கனத்த உத்தரம் போடுவார்கள். அதைத் தாங்கும் மூலைத் தூணில்தான் தச்சன் தன் செதுக்கு வேலையை எல்லாம் காட்டுவான்.

கருப்புச் சட்டம், வெள்ளைச் சாந்து என்பதுதான் அசல் நிறமா?

பெரும்பாலும் இல்லை. ஓக் மரத்தை எதுவும் பூசாமல் விட்டால் காலப்போக்கில் வெள்ளி கலந்த சாம்பல் நிறமாகும். பல இடங்களில் மரத்தையும் சாந்தையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்தார்கள். காவி, மஞ்சள் கலந்த சுண்ணாம்பும் உண்டு. பளிச்சென்ற கருப்பு வெள்ளை பெருமளவில் பரவியது 19ஆம் நூற்றாண்டு விக்டோரியா காலத்து ரசனையால். பழைய மரத்தின் மேல் தாரும் கருப்புப் பெயின்ட்டும் அடிப்பது மரத்துக்கு நல்லதும் அல்ல. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் உளுத்துவிடும்.

இவ்வளவு மரம் இருந்தால் தீப்பிடிக்காதா?

1666இல் லண்டன் பெருந்தீயில் நகரம் எரிந்த பிறகு, 1667 சட்டம் நகருக்குள் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோதான் இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் மெல்லிய மரமும் கனத்த மரமும் தீயில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கனத்த ஓக் உத்தரம் தீயில் மேற்புறம் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பு. நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்ற மெதுவான வேகத்தில்தான் கருகல் உள்ளே போகும். பாதுகாப்பு இல்லாத இரும்பு விட்டமோ சூடேறியதும் திடீரென வளைந்து சரியும். ஆபத்து உத்தரத்தில் அதிகம் இல்லை, கடையில் குவிந்திருக்கும் துணியிலும் காகிதத்திலும் இருக்கிறது.

கட்டடக்கலை அறிஞர்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா?

எல்லாரும் இல்லை. நிக்கோலஸ் பெவ்ஸ்னர் என்ற புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் கடுமையாகத் தாக்கினார். அளவு தவறு, இருபுறமும் ஒத்த அமைப்பு தவறு, அதே நிறுவனம் அதே காலத்தில் கட்டிய கல் கட்டடத்துக்கு அருகில் நிற்பது தவறு, இப்படியொரு முகப்புக்குப் பின்னால் பல்பொருள் அங்காடி நடத்துவது எல்லாவற்றையும்விடத் தவறு என்பது அவர் வாதம்.

அளவு பற்றி அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். எந்த டியூடர் கடையும் இந்த நீளத்தில் பாதிகூட இருந்ததில்லை. மற்றவற்றை ஏற்க முடியவில்லை. கப்பலுக்காக வெட்டிய மரம் விறகாகாமல் இன்னொரு வாழ்வு பெற்றது. இயந்திரக் காலத்தில் தச்சர்களுக்குத் தங்கள் முழுத் திறமையையும் காட்ட ஒரு பெரிய வேலை கிடைத்தது. பாணியை மட்டும் பார்க்கும் விமர்சனம் இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு கட்டடங்களையும் இணைக்கும் பாலத்தில் இருக்கும் கடிகாரம் என்ன?

கிங்லி தெருவுக்கு மேலே மூன்று மாடிப் பாலம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள கடிகாரத்தின் மேலே குதிரை மீது புனித ஜார்ஜும் எதிரே டிராகனும். மணி அடிக்கும்போது பொம்மைகள் இயங்கும். கீழே, போன நிமிடம் திரும்பி வராது என்ற பொருளில் ஒரு வாசகம். பகலுக்குச் சேவலும் இரவுக்கு ஆந்தையும் உண்டு. மரக் கட்டடத்தின் கூரை உச்சியில் பொன் முலாம் பூசிய ஒரு கப்பல் காற்றுத்திசை காட்டுகிறது. அது 1620இல் அமெரிக்கா சென்ற மேஃபிளவர் கப்பலின் வடிவம்.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா?

இருக்கிறது. பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடங்களின் அரசுப் பட்டியலில், இரண்டாம் நிலையில் நட்சத்திரக் குறியிட்ட கட்டடம். சாதாரண இரண்டாம் நிலையைவிட உயர்ந்த தகுதி அது. அனுமதி இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ மாற்றம் செய்ய முடியாது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது?

நுழைவு இலவசம். முதலில் எதிர்ச் சாரியில் நின்று முகப்பை முழுதாகப் பாருங்கள். உள்ளே போனதும் மரப்பலகை பதித்த லிஃப்டில் மேல்மாடிக்கு ஏறி, முற்றத்துக் கைப்பிடி அருகே நின்று கூரைச் சட்டங்களைப் பாருங்கள். இறங்கும்போது படிக்கட்டு. கைப்பிடித் தூண்களில் செதுக்கிய சிறு விலங்குகளைத் தேடுங்கள். ஏதாவது ஓர் இணைப்பின் அருகே நின்று, மர ஆணியின் தலை சட்டத்தின் மட்டத்திலிருந்து சற்றே எழும்பி நிற்பதை விரலால் தடவிப் பாருங்கள். காலடியில் இருப்பது கப்பலின் தளம் என்பதும் நினைவிருக்கட்டும்.

நேரம் மிச்சமிருந்தால் ஆக்ஸ்போர்டு சர்க்கஸில் சென்ட்ரல் தடத்தில் கிழக்கே போகும் ரயிலில் ஏறி, மூன்றாவது நிலையமான சான்சரி லேனில் இறங்குங்கள். வெளியே வந்ததும் எதிரில் ஸ்டேப்பிள் இன். 1585இல் எழுந்த அசல் மர முகப்பு, கீழே கடைகள். 1666 தீ அதை எட்டவில்லை. 1944இல் ஜெர்மன் பறக்கும் குண்டு பின்பக்கத்துக் கூடத்தைத் தகர்த்தது, பிறகு 1950களில் பழைய மரத்தையும் சேர்த்து மீண்டும் கட்டினார்கள். லிபர்ட்டியைப் பார்த்த கண்ணோடு அதைப் பார்த்தால் எது நகல், எது அசல், இரண்டிலும் தச்சன் எங்கே ஒன்றுபடுகிறான் என்பது நன்றாகத் தெரியும்.